விதை எப்படிப் பயணம் போகிறது? குழந்தையின் கையில் கொடுத்துக் காட்டுங்கள்

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு விதை பரவுதலைப் படம் காட்டி விளக்குவதைவிட, விதையையே கையில் கொடுத்துவிடுவது எளிது. மரத்தடியிலேயே விழும் விதைக்கு வெயில் போதாது. தண்ணீருக்கும் தாய்மரத்தோடு போட்டி. அதனால் அது தள்ளிப் போயாக வேண்டும். இதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கொடுத்து "இது எப்படிப் போகும்?" என்று கேளுங்கள்.

முதலில் முருங்கை. மரத்திலேயே முற்றிக் காய்ந்த காயைப் பிளந்தால், மூன்று மெல்லிய சிறகுகளோடு விதை வரும். இரண்டு விதைகளை எடுத்து, ஒன்றின் சிறகுகளை மட்டும் கிள்ளிவிடுங்கள். பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி இரண்டையும் ஒரே நேரத்தில் விடட்டும். எது முதலில் தரையைத் தொடுகிறது என்பதைக் குழந்தை சொல்லட்டும். அடுத்து மேசை விசிறியைப் போட்டு மீண்டும் விடுங்கள். சீலிங் ஃபேன் வேண்டாம். அது காற்றைக் கீழே தள்ளுவதால் சோதனை குழம்பிவிடும்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடிப்பது பட்டாசுக்காய்தான். சாலையோரத்தில் ஊதாப் பூ பூக்கும் சிறு செடி. பச்சைக் காய் வெடிக்காது. நன்றாகக் காய்ந்து பழுப்பான, பிளவுபடாத காயாகப் பார்த்துப் பறியுங்கள். காய் உலரும்போது அதன் இரு பாதிகளும் வெளிப்பக்கம் வளையத் துடிக்கும். நுனியிலுள்ள ஒட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் நுனி இளகி, காய் பட்டென்று பிளந்து விதைகளை வீசும். அகலமான கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காயைப் போட்டுவிட்டு, முகத்தை ஒரு கை தூரம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈரக்கையோடு பறித்தால் வழியிலேயே வெடித்துத் தீர்ந்துவிடும். தண்ணீரில் விழுந்த விதையைத் தொட்டுப் பாருங்கள்: சுற்றிலும் வழவழவென்று பசை. மண்ணில் ஒட்டிக்கொள்ள அது உதவும். மழை வரும்போது வெடிப்பதும் காரணமாகத்தான். முளைக்க ஈரம் அப்போதே கிடைத்துவிடுகிறது.

நாயுருவிக்குப் பழைய காலுறை போதும். ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு புதர் ஓரமாக நடந்து வந்து, ஒட்டியதை வெள்ளைத்தாளில் உதிர்த்துப் பாருங்கள். பழைய சுவரில் முளைத்த அரசங்கன்றைக் காட்டி "இதை யார் விதைத்தது?" என்றும் கேளுங்கள். பறவையின் எச்சம் வரைக்கும் குழந்தைகளே வந்துவிடுவார்கள்.

செடியும் அசையும் என்பதற்குத் தொட்டாச்சிணுங்கி. இலையின் அடியிலுள்ள சிறு முண்டில் இருக்கும் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால் இலை தொய்கிறது. விரிய சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். மாலையில் இலைகள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்பதால் பகலில் காட்டுவதே நல்லது. தண்டில் முள் உண்டு.

சேகரிப்பில் குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை, அரளி ஆகிய நான்கையும் சேர்க்கவே கூடாது. இவற்றின் விதைகள் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. எருக்கம்பஞ்சு பறப்பதைக் காட்டலாம், ஆனால் காய்ந்து தானே வெடித்த காயை மட்டும் எடுங்கள். பச்சைக் காயின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் குச்சியோ ஊக்கோ விட்டு எடுக்க முயலாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். விதை ஊறிப் பெருத்து இன்னும் இறுகிவிடும். உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.