வாடகைக்கு இருக்கறவங்க அடிக்கடி ரிப்பேர்னு கூப்பிடறாங்களா? ஒரு நிமிஷம் இதைப் படிங்க

சென்னைல வீடுகளுக்கு மெயின்டெனன்ஸ் வேலை எடுத்துச் செய்யறேன். ஹவுஸ் ஓனர்ங்க எங்கிட்ட வந்தவுடனே சொல்றது "சார், குடியிருக்கறவங்க எதுக்கெடுத்தாலும் போன் பண்றாங்க"ங்கறதுதான். நான் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேப்பேன், ஒரே இடத்துக்குக் கூப்பிடறாங்களா, வேற வேற இடத்துக்கா?

ஒரே இடத்துக்குன்னா உண்மையான காரணத்தை இன்னும் யாரும் சரி பண்ணலைன்னு அர்த்தம். மடிப்பாக்கத்துல ஒரு வீடு. ஹால் சுவர்ல ஓதம்னு அங்க வாடகைக்கு இருக்கற அம்மா நாலு தடவை சொல்லி, ஓனரும் ஒவ்வொரு தடவையும் பெயின்டரை அனுப்பி பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிருக்காரு, ஒரு மாசம் கூட தாங்காம கொப்புளம் கொப்புளமா உரிஞ்சு வந்துடுச்சு. நான் போய்ப் பார்த்தா சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். அன்னைக்கு ராத்திரி அதை யாரும் யூஸ் பண்ண வேணாம்னு சொல்லிட்டு, தரையில தண்ணி வெளிய போற ஓட்டையை பிளாஸ்டிக் கவர், துணி வச்சு அடைச்சு தண்ணி நிப்பாட்டி பென்சில்ல கோடு போட்டுட்டு வந்தேன். காலைல தண்ணி கோட்டுக்கு ரெண்டு விரல் கீழ இருந்துச்சு, டைல்ஸ் ஜாயின்ட் வழியா இறங்கியிருக்கு. "நான் சொன்னப்ப யாருமே நம்பலண்ணா"ன்னாங்க அந்தம்மா. மனசு கஷ்டமாயிடுச்சு. நாலு பெயின்ட் செலவுல ஜாயின்ட் வேலையை முதல்லயே முடிச்சிருக்கலாம்.

வேற வேற இடத்துக்குக் கூப்பிடறாங்கன்னா அக்ரிமென்டை எடுங்க. 2019 பிப்ரவரி 22லேர்ந்து நம்ம மாநிலத்துல புது வாடகைச் சட்டம் நடைமுறைல இருக்கு, அதோட அட்டவணைல யார் எதைச் செய்யணும்னே பிரிச்சுப் போட்டிருக்காங்க. கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், கதவு லாக் எல்லாம் குடியிருக்கறவங்க. அதை அப்படியே அக்ரிமென்ட்ல எழுதிட்டா பாதி சண்டை வராது. ஆனா போர் தண்ணி உப்பா இருந்து குழாயெல்லாம் உப்பு பூத்து அடிக்கடி போகுதுன்னா, அந்தச் செலவை அவங்க தலைல கட்டாதீங்க, தண்ணி உங்க வீட்டுதுதானே.

கரன்ட் விஷயத்துல மட்டும் நாளைக்குன்னு தள்ளவே தள்ளாதீங்க. டிரிப் ஆகுதுன்னு, அதாவது கரன்ட் போர்டுல இருக்கற MCB சுவிட்ச் தானா விழுந்துடுதுன்னு சொன்னா, சில பேரு 16 ஆம்ப்ஸ் MCBயை எடுத்துட்டு 32 போட்டுட்டுப் போயிடறாங்க, அப்புறம் டிரிப் ஆகாது, உள்ள வயர் சூடாகி உருகும். கீசர் காயில் போயிருந்தாலும் டிரிப் ஆகும், அதைக் கண்டுபிடிக்காம விட்டா குளிக்கற புள்ளைக்கு ஷாக் அடிக்கும்ங்க.

கம்ப்ளெயின்ட்டை தேதியோட, போட்டோவோட வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க. பார்க்கப் போறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க, வீடு உங்களுதுன்னாலும் குடும்பம் அவங்களுது.

மடிப்பாக்கத்துல ஜாயின்ட் எல்லாம் நோண்டி, தண்ணி இறங்காம அடைக்கற எபாக்ஸி கலவை போட்டாச்சு. ஓனர் மறுநாளே பெயின்டரைக் கூப்பிடறேன்னாரு, வேணாம் சார், பூச்சு உள்ள காயணும், ஒரு மாசமாவது சுவரை அப்படியே விடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.