முத்திரையைப் பாருங்கள், பில்லையும் கேளுங்கள்

வங்கிகளுக்கு நகை மதிப்பீடு செய்வது என் தொழில். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிளைகளில் அடகுக்கு வரும் பழைய நகைகளில் பெரும்பாலும் தரத்தைக் காட்டும் ஹால்மார்க் முத்திரை இருக்காது. ஊர் ஆசாரி செய்து கொடுத்திருப்பார். தரம் என்ன என்று கேட்டால், "கேடிஎம் நகைதானுங்க" என்று நம்பிக்கையோடு பதில் வரும். காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்பதுதான் அதற்குப் பொருள். அது தரச் சான்று அல்ல. பற்றவைக்கும்போது எழும் காட்மியம் புகை ஆசாரியின் நுரையீரலையும் கெடுக்கும்.

சங்கிலியின் கண்ணியை உரைகல்லில் இழுத்து, பக்கத்திலேயே பற்றவைத்த இடத்தையும் இழுப்பேன். அமிலம் பட்டதும் முதல் கோடு நிற்கும். இரண்டாவது பல நேரங்களில் மங்கிவிடும். கண்ணி 22 காரட்டாக இருந்தாலும், பற்றுகள் எல்லாம் சேர்ந்து மொத்தத் தரத்தை இறக்கிவிடுகின்றன. 5 பவுன் நகை 20 காரட்டுக்கு இறங்கினால் 3.32 கிராம் சொக்கத்தங்கம் குறைகிறது. மகளின் கல்யாணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு இன்றும் கடினம்.

ஹால்மார்க் 2021 ஜூனில் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான மாவட்டங்களில், ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட எச்யுஐடி எண் இல்லாமல் கடைகள் விற்கக்கூடாது. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத கடைக்கும் விலக்கு உண்டு. காதுகுத்துக்கு வாங்கும் சின்னத் தோடும், கிராமத்துக் கடையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. விலக்கு நியாயமானதே. சோதனையின் சுமை கடைசியில் ஆசாரிமேல்தான் விழுகிறது. கோவைப் பட்டறைகளில் கூலிக்குச் செய்யும் ஆசாரியின் நகை சோதனையில் தேறாவிட்டால், அதை உருக்கி மறுபடி செய்ய வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கிடைப்பது அரிது. ஆனால் எல்லா நகைக்கும் அரசு பொறுப்பு என்று வாங்குபவர் நம்பிவிடுகிறாரே, அதுதான் எனக்குக் கவலை.

இதைவிடப் பெரிய ஓட்டை பில் வாங்காதது. 3 சதவீத வரியை மிச்சப்படுத்தத் துண்டுச் சீட்டோடு வந்துவிடுகிறார்கள். முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்கிறது விதி. பில் இல்லாமல் எதை வைத்துக் கேட்பீர்கள்? எடை, தரம், கூலி எல்லாம் தனித்தனியாக அதில் இருக்கட்டும்.

கடையிலேயே லென்ஸ் கேட்டு எச்யுஐடி எண்ணைப் படித்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். நகையின் வகையும் தரமும் திரையில் வரும். கையில் இருப்பது மோதிரம், திரையில் வருவது சங்கிலி என்றால் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள பழைய நகையையும் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். விற்கவோ அடகு வைக்கவோ போகும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.