டோவரின் வெள்ளைச் சுவர் ஏன் கறுப்பதில்லை?

பிரான்சின் கலே துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இங்கிலாந்தின் டோவர் வந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் கிளம்பும்போதே எதிர்க்கரையில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். நெருங்க நெருங்க அந்தக் கீற்று சுவராக எழும். சில இடங்களில் 110 மீட்டர் உயரம், அதாவது முப்பது மாடிக் கட்டடத்துக்கும் மேல். கி.மு. 55-ல் படையோடு வந்த ஜூலியஸ் சீசருக்கு முதலில் தெரிந்ததும் இந்தச் சுவர்தான். மேலே ஆயுதங்களோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, இறங்குவதற்கு வேறு இடம் தேடிப் போனார்.

இந்தச் சுவரின் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒரு வீட்டுக் கேள்விதான் முதலில் வரும். நம் ஊரில் சுண்ணாம்பு அடித்த மதில், இரண்டு மழைக்காலம் தாண்டினால் பாசி பிடித்துக் கறுத்துவிடும். டோவரிலும் மழைக்குப் பஞ்சமில்லை. உப்புக்காற்று, கடற்பறவைகளின் எச்சம் எல்லாம் உண்டு. யாரும் ஏறி வெள்ளையடிப்பதும் இல்லை. பிறகு எப்படி அது வெள்ளையாகவே இருக்கிறது?

அதற்கு முன், அந்தப் பாறை என்ன என்று பார்த்துவிடலாம். அடிவாரத்துக் கடற்கரையில் கிடக்கும் ஒரு துண்டைக் கையில் எடுத்தால் விரலெல்லாம் வெள்ளை. நகத்தால் கீறலாம். நாக்கு நுனியில் வைத்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம், அவை ஈரத்தை உறிஞ்சுகின்றன. கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் துளைதான். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். தமிழில் இதற்கு அழகான பெயர் உண்டு: சீமைச் சுண்ணாம்பு. அது உண்மையிலேயே சீமையிலிருந்து வந்த சுண்ணாம்புதான். (இன்று பள்ளியில் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். பெயர் மட்டும்தான் மிச்சம்.)

இந்தத் தூளை நல்ல நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வெறும் மாவு இல்லை என்று தெரியும். சக்கரம் போலவும் பொத்தான் போலவும் சின்னஞ்சிறு வட்டத் தகடுகள், அவற்றின் உடைசல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு. இவற்றுக்குக் காக்கோலித் என்று பெயர். கடலின் மேல்மட்டத்தில் வெயிலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் பாசிகள், தங்கள் உடம்பைச் சுற்றிக் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவால் ஆன தகடுகளைக் கவசம் போல அடுக்கிக்கொள்கின்றன. பாசி செத்தால் கவசம் பிரிந்து தகடுகள் உதிரும். டோவர் சுவரில் பெரும்பகுதி அந்தக் கவசக் குப்பைதான்.

இது தெரியவந்த கதையில் தந்திக் கம்பிக்கும் பங்கு உண்டு. 1857-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடுவதற்காக சைக்ளாப்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் கடல் ஆழத்தை அளந்துகொண்டு போனது. அளக்கும்போது அடியிலிருந்து வந்த சேற்றையும் சேமித்தார்கள். அந்தச் சேற்றை ஆராய்ந்த ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, அதில் கிடந்த நுண் துகள்களுக்கு 1858-ல் காக்கோலித் என்று பெயர் வைத்தார். அவற்றைத் தாது என்றே முதலில் நினைத்தார். உயிரின் மிச்சம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களின் ஆய்வில் தெளிவாயிற்று. பத்து வருடம் கழித்து, 1868-ல், நாரிச் நகரத் தொழிலாளர்களுக்கு ஹக்ஸ்லி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பே ஒரு துண்டுச் சீமைச் சுண்ணாம்புதான். தச்சர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அந்தத் துண்டு ஒரு பழைய கடலின் அடித்தளம் என்பதை அவர்களுக்குப் படிப்படியாக விளக்கினார். அறிவியலை எளிமையாகச் சொல்ல நினைக்கும் எவருக்கும் இன்றும் அது ஒரு பாடம்.

சரி, இவ்வளவு சிறிய தகடு கடல் அடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? தனியாக விட்டால் ஒரு தகடு சில நூறு மீட்டர் இறங்கவே வருடக்கணக்காகும். நீரோட்டம் வேறு எங்கெங்கோ இழுத்துப் போகும். இங்கேதான் சின்னச் சின்ன மிதவை விலங்குகள் வருகின்றன. அவை பாசியை மேய்ந்து, செரிக்காத தகடுகளைக் கட்டியாக்கி எச்சமாக வெளியே தள்ளும். கட்டியாக இருப்பதால் சீக்கிரம் மூழ்கும். கவிஞர்கள் பாடிய அந்தத் தூய வெண்மையில் பெரும் பங்கு இப்படி ஏதோ ஒரு பூச்சியின் வயிற்றைக் கடந்து வந்தது. சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

இப்படிச் சேர்ந்த வேகம், ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர். ஓர் ஆள் உயரம் சேரவே சுமார் ஒரு லட்சம் ஆண்டு. ஆனால் நேரத்துக்குக் குறைவில்லை. இது நடந்தது கிரெட்டேசியஸ் காலத்தின் பின்பாதியில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை. கிரெட்டா என்றால் லத்தீனில் சீமைச் சுண்ணாம்பு. ஒரு புவியியல் காலத்துக்கே இந்தப் பாறையின் பெயர்தான். அப்போது உலகம் வெப்பமாக இருந்தது, துருவங்களில் இன்றைக்கு இருப்பது போன்ற பனிப்பாளங்கள் இல்லை. கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேலே. ஐரோப்பாவின் பெரும்பகுதி தண்ணீருக்குள். நிலம் தள்ளிப் போனதால் ஆறுகள் கொண்டுவரும் மண் அந்தக் கடலை எட்டவில்லை. கலப்படம் இல்லாத தகடு மட்டும் மழை போல் விழுந்துகொண்டே இருந்தது.

அதே காலத்தில் நம் அரியலூர்ப் பக்கமும் கடலாகத்தான் இருந்தது. அங்கே அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் புதைபடிவங்கள் கிடைப்பதும், சிமென்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல் வெட்டுவதும் அதனால்தான். ஆனால் அது கரையை ஒட்டிய கடல். நிலத்திலிருந்து வந்த மணலும் களிமண்ணும் கலந்துவிட்டன. அதனால் அரியலூருக்கு டோவர் மாதிரி பளிச்சென்ற வெள்ளைச் சுவர் வாய்க்கவில்லை.

பளிச்சென்ற வெண்மைக்குத் தூய்மை மட்டும் போதாது. கால்சைட் படிகம் தன்னளவில் கண்ணாடி போல நிறமற்றது. கண்ணாடியை உடைத்துப் பொடியாக்கினால் வெள்ளையாகத் தெரியும். கல்லுப்புப் பரலைவிடத் தூள் உப்பு வெள்ளை. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: ஒளி ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் திசை மாறித் தெறிக்கிறது. எந்த நிறத்தையும் துகள் விழுங்குவதில்லை, எல்லா நிறமும் கலந்து திரும்பி வருகிறது. சீமைச் சுண்ணாம்பில் துகளும் காற்றுத் துளையும் மாறி மாறி இருப்பதால் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே ஒளி பலமுறை தெறித்துவிடும். நனைந்தால் துளையில் தண்ணீர் ஏறி, தெறிப்பு குறைந்து, சற்றுச் சாம்பலாகத் தெரியும். மழைநாளில் எடுத்த படம் மங்கலாக இருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி சுவரைப் பார்க்கப் போவோம். நடந்து போவதா, படகில் போவதா? இரண்டும் இரண்டு வேறு பாடம். எனக்குப் படகுதான் பிடிக்கும், காரணம் எளிது. மேலே நடப்பவரின் காலடியில் புல்வெளிதான் இருக்கும். தான் நிற்கும் சுவரை அவரால் பார்க்கவே முடியாது. கடலிலிருந்து பார்த்தால் முழுச் சுவரும் ஒரு திறந்த புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் முதலில் கண்ணில் படுவது கறுப்பு வரிகள். கோடு போட்ட நோட்டு மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்றாக, கிட்டத்தட்ட சம இடைவெளியில். அவை சிக்கிமுக்கிக் கல். அந்தக் கடலின் அடியில் வாழ்ந்த கடற்பஞ்சுகளின் எலும்புக்கூடு சிலிக்காவால் ஆனது. அவை செத்ததும் சிலிக்கா கரைந்து, சேற்றுக்குள் இறங்கி, நண்டு போன்ற உயிர்கள் தோண்டிய வளைகளில் மறுபடி கெட்டியாகியது. அதனால்தான் சிக்கிமுக்கிக் கற்கள் விரல் மாதிரியும் முட்டி மாதிரியும் கோணல்மாணலாக இருக்கின்றன. பல கற்களின் வடிவம் ஒரு பழைய வளையின் அச்சு.

கடல் அடி எப்படி மலையானது? ஆப்பிரிக்காவைச் சுமக்கும் பாறைத் தட்டு ஐரோப்பாவை நெருக்கி ஆல்ப்ஸ் மலை எழுந்தபோது, அந்த நெருக்கலின் கடைசி அலை போலத் தென்கிழக்கு இங்கிலாந்தும் மெல்ல மேலே வளைந்தது. டோவரையும் கலேயையும் இணைத்து ஒரு சுண்ணாம்பு முகடு இருந்தது. பனியுகத்தில் வடகடல் பக்கம் பனிப்பாளத்துக்கும் இந்த முகட்டுக்கும் இடையே பெரிய ஏரி தேங்கியது. சுமார் 4.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வழிந்து முகட்டை உடைக்கத் தொடங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சஞ்சீவ் குப்தாவும் அவர் குழுவினரும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாயின் தரையை அளந்தபோது, அருவி விழுந்து குடைந்த பிரம்மாண்டப் பள்ளங்களின் தடம் கிடைத்தது. அந்த உடைப்பு நடந்திராவிட்டால் கலேயில் கப்பல் ஏற வேண்டியிருக்காது, நடந்தே போகலாம். இன்று இடைவெளி 33 கிலோமீட்டர்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சுவர் ஏன் கறுப்பதில்லை? கறுப்பதற்கு அதற்கு நேரமே இல்லை. பாசியும் புல்லும் பிடிப்பதற்குள் அந்த மேல்தோல் இடிந்து கடலில் விழுந்துவிடுகிறது. நாம் பார்க்கும் வெள்ளை, அண்மையில் பெயர்ந்த புண். இதற்குச் சாட்சி டோவரிலேயே இருக்கிறது. துறைமுகமும் கரைச்சுவரும் அலையைத் தள்ளி நிறுத்திய இடங்களில் பாறை பச்சையாகிவிட்டது. அலை இன்னும் அடிக்கும் இடத்தில்தான் வெண்மை.

இடிவதற்குப் பல கைகள் வேலை செய்கின்றன. அலை அடிவாரத்தைக் குடைகிறது. அது எறியும் ஆயுதம் அதே பாறையிலிருந்து விழுந்த சிக்கிமுக்கிக் கல்தான். மேலே மழைநீர் துளைகளிலும் வெடிப்புகளிலும் ஊறுகிறது. நனைந்த சீமைச் சுண்ணாம்புக்கு உலர்ந்ததன் பாதி பலம்கூட இருக்காது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து வெடிப்பைப் பிளக்கிறது. ஒருநாள், பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல், ஒரு பெரும் பாளம் சரிகிறது. விழுந்த குவியல் கொஞ்ச காலம் அடிவாரத்துக்கு அணையாக நிற்கும். கடல் அதைக் கரைத்துப் பால் போலக் கலங்கும். குவியல் தீர்ந்ததும் குடைச்சல் மறுபடி ஆரம்பம்.

டோவருக்கு மேற்கே ஈஸ்ட்போர்ன் அருகில் செவன் சிஸ்டர்ஸ் என்ற இன்னொரு வெள்ளைச் சுவர் உண்டு. டோவரைவிட அழகு என்பேன். சுவரின் மேல்விளிம்பு அலை அலையாக ஏறி இறங்கும். காரணம், பனியுகத்தில் உறைந்த நிலத்தின் மேல் பனி உருகிய நீர் ஓடிப் பள்ளத்தாக்குகளை அறுத்தது. நிலம் இளகியதும் தண்ணீர் துளைகளுக்குள் இறங்கிவிட்டது, பள்ளத்தாக்குகள் வறண்டன. பிறகு கடல் வந்து அந்த மேடு பள்ளங்களைக் கேக் வெட்டுவது போலக் குறுக்கே வெட்டியது.

அங்கே ஓர் அருமையான ஆய்வு நடந்தது. சுவர் பின்வாங்கும்போது அதன் பழைய அடித்தளம் கடற்கரையில் தட்டையான மேடையாக மிஞ்சும். அதில் பதிந்த சிக்கிமுக்கிக் கற்களில் விண்வெளிக் கதிர்கள் பட்டால் பெரிலியம்-10 என்ற அணு மிக மெதுவாகச் சேரும். சுவரின் நிழலிலிருந்து வெளியே வந்து எவ்வளவு காலமாயிற்றோ அவ்வளவு பெரிலியம். கல்லே கடிகாரம். 2016-ல் வெளியான முடிவு இது: பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுவர் ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. கடந்த 150 ஆண்டுகளிலோ 22 முதல் 32 சென்டிமீட்டர். அடிவாரத்துக்குக் காவலாக இருந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அதனால் நடந்து போகிறவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே நில்லுங்கள், காலடியில் பாறை இருக்கிறதா வெறும் குடைவு இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. கீழே கரையில் நடந்தால் சுவரை ஒட்டி நடக்காதீர்கள், கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். செவன் சிஸ்டர்ஸின் அடியில் பல இடங்களில், தண்ணீர் ஏறிவிட்டால் மேலே வர வழி கிடையாது.

இந்தக் கணக்கைத் தெரிந்து வாழ்கிற ஒரு கட்டடம் அங்கே உண்டு. பீச்சி ஹெட் என்ற சுண்ணாம்பு முனையின் பக்கத்தில் 1830-களில் கட்டிய பெல் டூட் கலங்கரை விளக்கம், காலப்போக்கில் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிட்டது. அது நகரவில்லை, விளிம்புதான் அதை நோக்கி வந்தது. 1999-ல் சுமார் 850 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே ஜாக்கியால் தூக்கி, மசகு தடவிய உத்தரங்களின் மேல் 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். வைத்த இடத்தின் அடித்தளத்தையும் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். தேவைப்பட்டால் மறுபடி தள்ளலாம்.