குளிரை வாரக் கணக்கில் அளக்கும் செடி

முட்டைக்கோஸும் கேரட்டும் பூக்குமா, பூத்துப் பார்த்ததே இல்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பூக்கும். அதற்குள் நாம் பறித்துச் சாப்பிட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாமே ஈராண்டுத் தாவரங்கள். முதல் ஆண்டு இலையிலோ வேரிலோ உணவைச் சேர்த்துவைத்து, குளிர்காலத்தைத் தாண்டியபின் அதைச் செலவழித்துப் பூக்கும். நாம் கைவைப்பது அந்தச் சேமிப்பில்தான். சர்க்கரை பீட் இளஞ்செடியாக இருக்கும்போது குளிர் நீண்டுவிட்டால், முதல் ஆண்டிலேயே தண்டு நீட்டிப் பூத்துவிடும்; வேரில் சேர வேண்டிய சர்க்கரை குறைந்துபோகும். கோதுமையில் கதை தலைகீழ். அங்கே நமக்குப் பூதான் வேண்டும், பூத்தால்தானே மணி. இலையுதிர் காலத்தில் விதைக்க வேண்டிய குளிர்காலக் கோதுமையை வசந்தத்தில் விதைத்தால், புல்லாகவே தழைத்து நிற்கும், கதிர் விடாது. சில வாரக் குளிரைப் பட்டால்தான் பூக்கும் என்கிற இந்தக் குணத்துக்குத் தட்பப்பதனம் என்று பெயர். ஜெர்மானியரான குஸ்டாவ் காஸ்னர் 1918-லேயே இதைத் தானியப் பயிர்களில் சோதித்து எழுதிவிட்டார்.

குளிர் எதற்கு? பகல் நீளத்தை மட்டும் பார்த்தால் இலையுதிர் காலமும் வசந்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏமாந்து பூத்துவிட்டால் பின்னால் வரும் உறைபனி பூவைக் கருக்கிவிடும். ஆகவே, குளிர்காலம் முடிந்துவிட்டது என்பதற்குச் செடிக்கு ஆதாரம் வேண்டும். ஒரு ராத்திரிக் குளிர் ஆதாரமாகாது, பல வாரம் வேண்டும். சரி, மூளை இல்லாத செடி வாரங்களை எப்படிக் கணக்கு வைக்கும்?

விடை கிடைத்தது அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துக் களையில். அதில் எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதைத் தடுத்துவைக்கிறது. இந்தத் தடையை நீக்கும் வேலையில் வின்3 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. வின்3-ஐத் தூண்டிவிடுவது என்டிஎல்8 என்ற இன்னொரு புரதம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. என்டிஎல்8 வெயிலிலும் குளிரிலும் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது, எளிதில் சிதைவதும் இல்லை. ஆனால் வெதுவெதுப்பான நாட்களில் செல்கள் மளமளவென்று வளர்ந்து பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அது பங்காகி நீர்த்துப்போகிறது. குளிரில் வளர்ச்சி மந்தமாகிவிடும். நீர்ப்பது குறைகிறது, புரதம் நாளுக்கு நாள் சேர்கிறது. தனியாக ஒரு கடிகாரம் தேவையே இல்லை, வளர்ச்சி மந்தமாவதே கடிகாரம்! இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன், மார்ட்டின் ஹோவர்ட் குழுவினர் இதை 2020-ல் வெளியிட்டார்கள்.

அப்புறம் நடப்பதும் அழகு. எஃப்எல்சி நூல்போலச் சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் வேதிக் குறிகள் ஏறி, மரபணு இறுக்கமாக மூடப்படுகிறது. மங்கலாக எரியும் விளக்கு என்று இங்கே எதுவும் கிடையாது. ஒரு செல்லில் எஃப்எல்சி ஒன்று எரியும், இல்லை அணைந்திருக்கும். குளிர் நீள நீள, அணைந்த செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. வெயில் திரும்பி, செல்கள் மறுபடி பிரிந்தாலும் அந்தக் குறி மறைவதில்லை. ஆனால் விதைக்குள் கரு உருவாகும்போது எல்லாம் அழிக்கப்பட்டு, எஃப்எல்சி மறுபடி விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விதையும் தன் குளிர்காலத்தைத் தானே பட்டாக வேண்டும்.

சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் ஆராய்ச்சியாளர் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். குளிரூட்டிப் பெற்ற குணம் சந்ததிக்கும் போகும் என்றார், ஸ்டாலினின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. அவரை எதிர்த்த, பஞ்சத்தை ஒழிக்க உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த மரபியலாளர் வவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சரடோவ் சிறையில் இறந்தார். ஆராய்ச்சியில் அதிகாரம் விடையை முன்கூட்டியே கேட்பதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. "என்ன பயன்?" என்று முதல் நாளே கேட்கும் நிதிக் குழுக்களும் யோசிக்கட்டும்: எஃப்எல்சி பற்றிய இந்த அறிவு வந்தது, யாரும் பயிரிட்டுச் சாப்பிடாத ஒரு களையில் பல பத்தாண்டுகள் செலவிட்டதால்.

கோதுமையில் மரபணுக்கள் வேறு. குளிரில் விஆர்என்1 மெல்ல எழுந்து, பூப்பதைத் தடுக்கும் விஆர்என்2-ஐ அடக்குகிறது. வசந்தக் கோதுமை வகைகள் பலவற்றில் விஆர்என்1 திரிந்திருப்பதால் குளிர் படாமலேயே இயங்கும். குளிர்காலம் இல்லாத நிலங்களிலும் கோதுமை விளைவதற்கு அந்தத் திரிபு பெரிய காரணம். ஆப்பிளுக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை. அதன் மொட்டு உறக்கம் தனி ஏற்பாடு. அந்த உறக்கம் கலையப் பல வகைகளுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய 1000 மணி நேரம் தேவைப்படுகிறது. குளிர்காலம் வெதுவெதுப்பானால் மொட்டுகள் ஒரே நேரத்தில் விரியாமல் முன்னும் பின்னுமாக விரிகின்றன. மகரந்தம் தர வேண்டிய பக்கத்து மரத்தோடு நாள் தவறிப்போகிறது, காய்ப்புக் குறைகிறது. குறைந்த குளிரே போதும் என்கிற வகைகளை உருவாக்கலாம்தான். ஆனால் விதையிலிருந்து வளரும் ஆப்பிள் மரம் காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும், அதனால் அந்த வேலையை இன்றே தொடங்கியாக வேண்டும்.