ஸ்டெப்னின்னா என்ன, தமிழ்ல அதுக்கு என்ன சொல்லலாம்?

கார் வச்சிருக்கிற யாருக்கும் ஸ்டெப்னின்னா என்னன்னு புதுசா சொல்லித்தர வேண்டியதில்ல, டிக்கியில விரிப்புக்கு அடியில படுத்திருக்கிற அஞ்சாவது வீல்தான். ஆனா இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு ஸ்பேர் வீலுக்கு இங்கிலீஷ்ல அது இன்னொரு வார்த்தைன்னு நினைச்சிட்டிருக்காங்க. இன்னைக்கு இங்கிலாந்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல போயி ஸ்டெப்னின்னு கேட்டா பெரும்பாலும் முழிப்பாங்க, அங்க ஸ்பேர் வீல்னாதான் புரியும். கொஞ்சம் படிச்சவங்க, லண்டன்ல ஸ்டெப்னின்னு ஒரு ஏரியா இருக்கு, அங்கேருந்து வந்ததுன்னு சொல்வாங்க. அதுவும் இல்ல.

பிரிட்டனோட ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டுல லனெல்லின்னு ஒரு ஊர், தகரத் தகடு ஆலைகளுக்குப் பேர் போன ஊர். அந்த ஊர்ல ஒரு தெருவுக்குப் பேரு ஸ்டெப்னி தெரு, அந்தப் பக்கம் நிறைய நிலம் வச்சிருந்த ஒரு பெரிய குடும்பத்தோட பேரு அது. தாமஸ் மாரிஸ் டேவிஸ்ங்கிறவர் 1904-ல அங்கதான் இந்த சமாச்சாரத்தக் கண்டுபிடிச்சாரு, விக்க ஆரம்பிச்சப்ப தெருப் பேரையே கம்பெனிக்கும் சரக்குக்கும் வச்சாங்க. அப்படித்தான் 'ஸ்டெப்னி ஸ்பேர் வீல்' ஆச்சு, அப்புறம் ஸ்பேர் வீல் உதிர்ந்துபோயி வெறும் ஸ்டெப்னி நின்னுபோச்சு.

அது எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு தெரிஞ்சாதான் சொல்லோட அர்த்தம் முழுசா பிடிபடும். அந்தக் காலத்து கார்ல ஸ்பேர் வீலே கிடையாது, ஏன்னா வீல கழட்டவே முடியாது. மர ஆரம் வச்ச சக்கரம், அது வண்டியோட வண்டியா நிரந்தரமா மாட்டியிருக்கும், ரோடெல்லாம் குதிரை லாடத்துல இருந்து விழுந்த ஆணி, பஞ்சர் ஆகாம ஒரு ஊர் தாண்டுறதே பெரிய விஷயம். ஆச்சுன்னா நடுரோட்டுல உக்காந்து நெம்புகோல் போட்டு டயரப் பிரிச்சு, டியூப வெளிய எடுத்து ஒட்டி, திரும்ப மாட்டி, கைப்பம்புல காத்தடிக்கணும். டேவிஸ் என்ன பண்ணாருன்னா, ஆரம் எதுவும் இல்லாத வெறும் வளையம், அதுமேல காத்தடிச்ச டயர், அத பஞ்சர் ஆன வீலுக்குப் பக்கத்துலயே ஒட்டினாப்ல வச்சு கொக்கி மாதிரி பிடிகளால இறுக்கிடறது. கவனிங்க, பஞ்சர் வீலக் கழட்டல. அது பாட்டுக்கு அங்கயே இருக்கும், பாரத்த பக்கத்துல இருக்கிற புது வளையம் தாங்கிக்கும். அதனால முதல் ஸ்டெப்னி நாம நினைக்கிற மாதிரி மாத்திப்போடுற வீலே இல்ல, கூட நின்னு தாங்குற வீல். கொஞ்ச வருஷத்துலயே நட்டக் கழட்டி முழு வீலையும் எடுக்கிற வசதி வந்துருச்சு, டேவிஸோட வளையத்துக்கு வேலை இல்லாமப் போச்சு. பொருள் போயிருச்சு, பேரு மட்டும் அடுத்து வந்த ஸ்பேர் வீல் மேல ஏறி உக்காந்துக்கிச்சு. இந்தியாவுல ஸ்டெப்னி, மால்டாவுல ஸ்டெப்னி, பிரேசில்ல போர்ச்சுகீஸ் வாய்க்கு ஏத்தாப்ல எஸ்டெப்பி. பொறந்த நாட்டுல மறந்துட்டாங்க, நாம வச்சிருக்கோம்.

நம்ம ஊர்ல இந்த வார்த்தை காரத் தாண்டியும் போயிருச்சு. ஆள் வராத நாளுக்கு இழுத்து விடற ஆளையும் ஸ்டெப்னிங்கிறாங்க, பொம்பளைங்களப் பத்திக் கேவலமாப் பேசறதுக்கும் சிலர் அதையே எடுத்துக்கிறாங்க. அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நல்ல தமிழ்ச்சொல் ஒண்ணு புழக்கத்துக்கு வரணும்னு நான் ஆசைப்படறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப தமிழுக்கு வருவோம். மாற்றுச் சக்கரம், உதிரிச் சக்கரம் ரெண்டும் அங்கங்க எழுதுறாங்க. மாற்றுச் சக்கரம் தப்பே இல்ல, மாற்றுச் சாவின்னு சொல்றோம்ல அந்த மாதிரி. உதிரிதான் எனக்கு ஒட்டல, உதிரி பாகம்னா கடையில போயி வாங்குற சாமான், அது வண்டியிலயே கூட வரணும்னு அந்தச் சொல்லுக்குள்ள இல்ல. பழைய தமிழ்ல இதுக்கு அச்சு அசலா ஒரு வார்த்தை இருக்கு, நான் சொல்றது அதத்தான்.

புறநானூறு 102-வது பாட்டு, ஔவையார் பாடினது, அதியமான் மகன் பொகுட்டெழினியப் பத்தி. அதுல உப்பு விக்கிற உமணர் வண்டி கட்டிக்கிட்டு தூரதேசம் கிளம்புறாங்க. மாடு இளசு, நுகத்தடி பழக்கமில்ல, வண்டியில ஏத்தின பாரமோ ரொம்ப அதிகம், போற வழியில பள்ளத்துல இறங்குமோ மேட்டுல ஏறுமோ, அங்க என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்னு யோசிச்சு, அவங்க ஒண்ணு பண்றாங்க: 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. யாத்தன்னா கட்டினன்னு அர்த்தம். இருக்கிற அச்சு உடைஞ்சா மாத்திக்க இன்னொரு அச்ச வண்டிக்கு அடி மரத்துல கட்டி எடுத்துட்டுப் போறாங்க. அந்த சேம அச்சு மாதிரி நீ எங்களுக்குக் காவலா இருக்கன்னு எழினியப் புகழ்றாரு ஔவை. எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க, ராசாவ சூரியன் சிங்கம்னு சொல்லாம வண்டிக்கு அடியில கட்டின ஸ்பேரோட ஒப்பிட்டிருக்காரு! அந்த அச்சு இல்லாம நடுவழியில நின்னா என்ன கதின்னு அந்தம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

அதனால சேமச்சக்கரம். சேமம்ங்கிறது வடமொழி க்ஷேமத்துல இருந்து வந்ததுன்னு அகராதியில இருக்கும், அதச் சொல்லி யாராவது இது தமிழே இல்லம்பாங்க, சங்கப் பாட்டுலயே உக்காந்திருக்கிற சொல்ல இதுக்கு மேல எப்படித் தமிழாக்குறது. சேமிப்பு இன்னைக்கும் தினம் பேசுற வார்த்தை, இலங்கையில பி.எஃப்.க்கு ஊழியர் சேமலாப நிதின்னுதான் பேரு. ஆபத்துக்குன்னு எடுத்து வச்சது, பத்திரமா வச்சது, ரெண்டு அர்த்தமும் சேமத்துல இருக்கு, மாற்றுல அது இல்ல.

ஔவை சொன்ன இடத்தையும் பாருங்க, கீழ்மரம். இன்னைக்கு லாரியில, இன்னோவாவுல எல்லாம் ஸ்டெப்னி அதே அடிப்பக்கம்தான் தொங்குது, கயிறுக்குப் பதிலா செயின். அங்க தொங்குறதுலதான் பிரச்சினையும் இருக்கு. ரோட்டுல தெறிக்கிற சேறு தண்ணி எல்லாம் அந்த செயின் சுத்துற வின்ச்சுலதான் போயி அடையும், வருஷக்கணக்கா இறக்காம விட்டா துரு பிடிச்சு இறுகிரும், பஞ்சர் ஆன அன்னைக்கு ராடு போட்டுச் சுத்தினா சுத்தாது. வண்டி வீட்ல நிக்கிற ஒரு நாள்ல வின்ச்ச முழுசா இறக்கி, பிரஷ் போட்டுத் தேச்சு, செயினுக்கு கொஞ்சம் கிரீஸ் தடவி திரும்ப ஏத்திருங்க, இதுக்கு மெக்கானிக் தேவையே இல்ல.

டிக்கியில இருக்கிறதுக்கு வேற வியாதி. பங்க்குல காத்தடிக்கிற பையன் நாலு வீலச் சுத்தி வந்து முடிச்சிருவான், அஞ்சாவதுக்கு டிக்கி நிறைய இருக்கிற லக்கேஜ யாரு இறக்குறதுன்னு நாமளும் விட்டுருவோம். வீல் சும்மா கிடந்தாலும் காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டேதான் இருக்கும். ஹைவே ஓரத்துல ஜாக்கி போட்டுத் தூக்கி, பழைய வீலக் கழட்டி வச்சுட்டு, ஸ்டெப்னிய கீழ வச்சதும் அது சப்பையா உக்காந்துக்கும், குடும்பத்தோட வேகாத வெயில்ல நிக்கிறவங்கள எத்தனை பேரப் பாக்குறோம். டிரைவர் கதவு பக்கத்துத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற பிரஷருக்கு மேல மூணு நாலு பி.எஸ்.ஐ. சேத்தே ஸ்டெப்னிக்கு அடிச்சு வைங்க, தேவைப்படும்போது குறைச்சுக்கலாம். ஆனா மத்த வீல விட ஒல்லியா சின்னதா இருந்தா, அது தற்காலிக வீல், அதுக்கு பிரஷர் தனி, டயர்லயே எழுதியிருக்கும், சிலதுக்கு 60 பி.எஸ்.ஐ. வரைக்கும் போகும். அது மேல 80-ன்னு ஒரு ஸ்டிக்கர் இருந்தா, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தம், அதோட பஞ்சர் கடை வரைக்கும்தான் போகணும், ஊருக்கே போயிரக் கூடாது.

மாத்துறப்ப ஒண்ணே ஒண்ணு, வண்டி தரையில நிக்கிறப்பவே வீல் நட்டுகள அரைச் சுத்து தளர்த்திட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க. தூக்கினப்புறம் ஸ்பானர்ல பலமா மிதிச்சா வண்டியே ஜாக்கியில இருந்து நழுவும். மாட்டுறப்ப வரிசையா இறுக்காம எதிரெதிர் நட்டா இறுக்கணும், அம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் இன்னொரு தடவ இறுக்கிப் பாத்துருங்க.

இன்னொண்ணு, இப்ப வர்ற சில கார்ல சேமச்சக்கரமே இல்ல. டியூப்லெஸ் டயரும், பிரஷர் காட்டுற சென்சாரும், பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு மத்திய அரசு 2020-ல விதிய மாத்திருச்சு. அந்த கிட்டுல இருக்கிற பசை ஆணி ஓட்டைய அடைக்கும், பள்ளத்துல விழுந்து டயரோட பக்கவாட்டுச் சுவர் கிழிஞ்சா ஒண்ணும் பண்ணாது. நம்ம ரோட்டுல ரெண்டாவதுதான் பயம், அதனால புது வண்டி புக் பண்றப்ப டிக்கி விரிப்பத் தூக்கிப் பாத்துட்டே கையெழுத்துப் போடுங்க.

பழைய வண்டி வாங்குறீங்கன்னா ஸ்டெப்னியோட பட்டன், அதாவது ரோட்டப் பிடிக்கிற ரப்பர் மேடு, புதுசு மாதிரி இருக்கேன்னு ஏமாறக் கூடாது. டயர் ஓரத்துல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2316-ன்னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஓடாமலே ரப்பர் காஞ்சு வெடிப்பு விட்டிருக்கும், விரலால அந்தச் சுவர மடக்கிப் பாத்தா மெல்லிசா கோடு கோடாத் தெரியும், அப்படித் தெரிஞ்சா அந்த டயருக்கான காச விலையில கழிச்சே பேசுங்க.