கோலம் போட எத்தனை மணி ஆகுது?

மூட்டுவலி என்று வரும் பெண்களிடம் வலி எங்கே என்று நான் கேட்பதில்லை. நாற்காலியில் உட்காருவதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள். "காலையில எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போட முடியுதா?" இதுதான் என் முதல் கேள்வி. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்களுக்கு 18 வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும்.

பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள் வரும். "குத்தவெச்சு உக்காந்தா எந்திரிக்க முடியலை டாக்டரம்மா. நின்னுக்கிட்டே குனிஞ்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்துடறேன்" என்பது ஒன்று. "கோலப்பொடி விரல்ல நிக்க மாட்டேங்குது. எட்டு மணிக்கு மேலதான் கை கொஞ்சம் இளகுது. இப்பல்லாம் மருமவதான் போடுது" என்பது இன்னொன்று. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: வாதம். எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, வயசானா வர்றதுதானே என்ற பின்குறிப்பும் கூடவே வரும். ஆனால் இவை வேறு வேறு நோய்கள். முதலாவதில் ஆறு மாதம் தாமதித்தால் பெரிய குடி முழுகிவிடாது. இரண்டாவதில் அந்த ஆறு மாதம் ரொம்பப் பெரிய விஷயம்.

பூக்கட்டும் அக்கா ஒருவர் வந்தார். வயது 42. கடைத்தெருவில் உட்கார்ந்து மல்லிகை கட்டி முழம் போட்டு விற்பவர். பூக்கட்டுவதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், இடது கை விரல்கள் இரண்டிரண்டு பூவாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, வலது கை நாரைச் சுழற்றிச் சுருக்குப் போட்டு இழுக்கும். கண் வேறெங்கோ இருக்கும், வாய் விலை பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் ஓடும். அவருக்கு அந்தச் சுருக்கு நழுவத் தொடங்கியிருந்தது. வாங்கிப்போன சரத்திலிருந்து பூ உதிர்கிறது என்று வாடிக்கையாக வாங்குகிற ஒரு மாமி சண்டைக்கு வந்த பிறகுதான், இது வெறும் அசதி இல்லை என்று அவருக்கே உறைத்திருக்கிறது.

கையை மடக்கச் சொன்னேன். முஷ்டி மடக்கினால் விரல் கணுக்கள் மேடும் பள்ளமுமாகத் தெரிய வேண்டும். அவருக்குப் பள்ளமே இல்லை, எல்லாம் சேர்ந்து பூசினாற்போல் இருந்தது. இரண்டு கையிலும் அப்படித்தான். கைகுலுக்குவதுபோலப் பிடித்து, கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினேன். முகம் சுருங்கிப் போனது. காலையில் அந்த இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். "இட்லி ஊத்தி இறக்கி, பசங்க பள்ளிக்கூடம் போறவரைக்கும் இருக்கும்." அதாவது இரண்டு மணி நேரம்.

இதைத்தான் முடக்குவாதம் என்கிறோம். பெயரில் வாதம் இருப்பதால் கை கால் விழுந்துவிடுமோ, பக்கவாதம் போலவோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிப்போய் மூட்டின் உள்பக்க சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம் வருகிறது. முப்பதுகளிலேயே வரும், ஆகவே வயசானா வர்றது என்ற கணக்கு இங்கே எடுபடாது. விரல் கணு, மணிக்கட்டு, கால் விரல் அடிப்பகுதி என்று சின்ன மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒரேபோல வரும். அசதி, பசியின்மை, ரத்தசோகை எல்லாம் கூட வரும். மூட்டோடு நிற்காமல் கண், நுரையீரல், இதயம் வரை போகவும் கூடும்.

நம் அக்கா என்னிடம் வருவதற்கு முன் ஐந்து மாதம் 'செட்' போட்டுக்கொண்டிருந்தார். டெல்டாக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் போய் "மூட்டுவலிக்கு ஒரு செட்" என்றால், கத்தரித்த மாத்திரைகளை நாலைந்தாகச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. அதில் ஒரு வலி மாத்திரையும் பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் அன்றைக்கே கை பஞ்சாக ஆகிவிடும், அதனால்தான் அந்த செட்டுக்கு அவ்வளவு மவுசு. உள்ளே மூட்டு அரிபடுவது சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். அவர் முகம் உப்பியிருந்தது. பக்கத்துக் கடைக்காரி "உடம்பு தேறியிருக்கியே" என்றாளாம். சர்க்கரையும் ஏறியிருந்தது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் அதை நிறுத்தினாலும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயரில்லாத பொடி, சூரணம் என்று பேருந்து நிலையத்தில் விற்பதற்கும் இதே எச்சரிக்கைதான்: ஒரே நாளில் வலி பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். டாக்டர்கள் அளவோடு, கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வேறு கதை.

பரிசோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முடக்குவாதத்துக்கென்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆர்.ஏ. ஃபேக்டர். அது நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்று ஆகிவிடாது, நோய் உள்ளவர்களிலேயே கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அது நெகட்டிவாக இருக்கும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இன்னும் நம்பகமானது. நாற்பது வயதுக்காரருக்கு மூட்டுவலி என்றதும், தொண்டைக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை பார்த்து, அது கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுகிற வழக்கம் இன்னும் முழுக்க ஒழிந்தபாடில்லை. அது சிறுபிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலுக்கான வழி.

முடக்குவாதத்துக்கு முதுகெலும்பான மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டும். இதை நான் சொல்வது என் சொந்த அனுபவத்தில் சூடுபட்டுத்தான். ஆரம்ப காலத்தில் ஒரு பாட்டிக்கு எழுதிக் கொடுத்தேன், வாரம் ஒரு முறை என்று வாயாலும் சொன்னேன். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் போடுகிறவர், இதையும் தினமும் போட்டுவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல், ரத்த அணுக்கள் இறங்கிப்போய் வந்தார். தஞ்சாவூருக்கு அனுப்பி, பிழைத்துக்கொண்டார். தப்பு பாட்டியுடையது இல்லை. அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்காதது நான். இப்போது கிழமையை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அட்டையின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். கூடவே ஃபோலிக் ஆசிட் உண்டு, அது வேறு கிழமையில். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தமும் கல்லீரலும் பார்க்க வேண்டும். சாராயம் கூடாது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிற பெண்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகவே ஆகாது. வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இல்லையென்றால் மூன்றாவது வாரமே செட்டுக்குப் போய்விடுவார்கள்.

சரி, முதல் பதில் சொன்னவர்களுக்கு வருவோம். முழங்கால்காரர்கள்.

மேட்டூர் திறந்து, குறுவை, சம்பா, தாளடி என்று நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நட்டவர்கள், களை பறித்தவர்கள். வீட்டுக்கு வந்தாலும் அரிவாள்மனை, அம்மி என்று எல்லாமே தரையில். காலையில் இவர்களுக்கும் கொஞ்சம் பிடிப்பு இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில், மிஞ்சினால் அரை மணியில் விட்டுவிடும். நடந்தால் வலி, உட்கார்ந்தால் தேவலை. இவர்களில் பாதிப் பேரைக் கெடுப்பது நோயைவிட ஒரு சொல்தான்: "எலும்பு தேய்ஞ்சுடுச்சு". எக்ஸ்ரேயைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னதும், மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடுமே என்று நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வண்டிச் சக்கரத்து அச்சு மாதிரி இல்லை நம் மூட்டு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது பஞ்சுபோல அமுங்கி விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடக்காத முழங்கால் பட்டினி கிடக்கிறது. எக்ஸ்ரே படுமோசமாக இருந்தும் வயலுக்குப் போய்வருகிறவர்களையும், படத்தில் ஒன்றுமே பெரிதாக இல்லாமல் துடிக்கிறவர்களையும் நான் பார்க்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று, ஏனென்றால் ஐந்து சொன்னால் ஒன்றும் செய்யமாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைச்சதை இறுகுகிற மாதிரி பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். சீரியலில் விளம்பரம் வரும் நேரமே போதும். மூச்சை அடக்க வேண்டாம். தொடை முன்சதை பலப்பட்டால் முழங்காலின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். உடல் பருமன் இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. இந்தக் கணக்கைச் சொன்னால்தான் சாயங்கால வடையும் மூன்றாவது டிகிரி காபியின் சர்க்கரையும் கொஞ்சம் யோசிக்கப்படுகின்றன. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கழிவறையில் உட்காரும் பீடம் வைப்பதற்கு வெட்கப்படாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்ததிலிருந்து நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

முடக்கத்தான் தோசை சாப்பிடலாமா என்று கேட்காதவர் இல்லை. தாராளமாக. எனக்கே பிடிக்கும். நொச்சி இலை ஒத்தடமும் சுகம்தான். மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்புவதில்தான் எனக்கு வழக்கு. உருளைக்கிழங்கு வாயு, புளி ஆகாது, தயிர் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் ரசஞ்சோறு மட்டும் தின்று மெலிந்துபோகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இந்த இரண்டிலும் அடங்காதவையும் உண்டு. ராத்திரி தூங்கப் போகும்போது நன்றாக இருந்து, விடியற்காலையில் கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலியாக இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலப் பரிசோதனை சரியாக இருப்பதுபோலக் காட்டவும் கூடும். சிக்குன்குனியா வந்துபோனபின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியை 2006இல் அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது சீழ்க்கட்டாக இருந்தால் நாளைக்கு என்பதே தாமதம்.

பூக்கட்டும் அக்கா போன மாதம் வந்தார். மூன்றாவது மாதத்திலிருந்து சரம் பழையபடி ஓடுகிறதாம். கோலம் மட்டும் மருமகள் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு, மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?" நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான், நிறுத்தினால் மறுபடி வீங்கும், அளவைக் குறைப்பதைப் போகப் போகப் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அட்டையை எடுத்து, நான் எழுதிக் கொடுத்திருந்த கிழமையைப் பார்த்தார்.

"சரி விடுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தலைமுழுகுறோம், அதை எப்ப நிறுத்தலாம்னா கேக்குறோம்?"