பல் ஊசி போட்ட மதமதப்பு மறுநாளும் போகவில்லையா?

பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கும் ஒரு அம்மா, கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையை அடைத்துக்கொண்டு போய்ப் பத்தாம் நாள் திரும்பி வந்தார். "நாக்குல ஒரு பக்கம் இன்னும் மதமதன்னே இருக்கு டாக்டர். சாளை முள்ளு குத்துனதே தெரியல, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது" என்றார். தானாகச் சரியாகும் என்று காத்திருந்தாராம். பாசிக்குப் போகும் ஒரு நாளை விட்டால்தானே ராமநாதபுரம் வர முடியும்? ஆனால் ஒரு போன் போதும். அதைப் போகும்போதே நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

கீழ்த்தாடைக்குப் போடும் ஊசியில் உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஊசிமுனை உரசியிருக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்து அழுத்தியிருக்கலாம், மருந்தே நரம்பை வாட்டியிருக்கலாம். நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் போடும் ஊசி இது. கவனமாகப் போட்டாலும் அபூர்வமாக இப்படி நேர்கிறது. நாக்கு நரம்புதான் அதிகம் மாட்டும். சுவை நரம்பும் அதோடு சேர்ந்தே ஓடுவதால் ருசியும் குறையலாம்.

பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்குள் உணர்வு திரும்பிவிடுகிறது. சிலருக்கு இன்னும் நாளாகும், மிகச் சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால் முதல் நாளே கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் கூர்முனையாலும் தொட்டுப் பார்த்து, மரத்த இடத்தின் எல்லையைக் குறித்துவைக்கிறேன். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கேட்பார்கள். அது நரம்பை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எரிச்சலோ சுரீர் வலியோ வந்தால் அதற்கு வேறு மருந்து உண்டு. ஞானப்பல் எடுத்தபின்போ இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்தபின்போ ஊசியின் நேரம் கடந்தும் மரத்திருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே சிகிச்சை செய்தவரிடமே போக வேண்டும். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் அது வேறு விஷயம், 108-ஐ அழையுங்கள்.

நாக்கில் உணர்வு திரும்பும்வரை, டீயை ஆறவைத்துக் குடியுங்கள். முள்ளைக் கையால் ஆய்ந்தபின் மீனை வாயில் வையுங்கள், மறுபக்கம் மெல்லுங்கள். சுண்ணாம்பு வெற்றிலையும் கிராம்புத் தைலமும் மரத்த நாக்கைப் புண்ணாக்கும், உங்களுக்கு எரியவே எரியாது. ராத்திரி கண்ணாடியில் நாக்கைப் பாருங்கள். அப்புறம், அதே பக்கம் அடுத்த ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஏழாவது வாரம் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். தொட்டுப் பார்த்தேன். நாக்கு நுனியில் சுண்டுவிரல் நக அளவுக்கு மட்டும் மிச்சம். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.